சி.ஆர். 1009 சப்-1 விதைநெல்: கார்த்திகை வெள்ளத்தைத் தாண்டும், தை மழையை?

சம்பாவுக்கு விதை எடுக்கும் நேரம் வந்தால் எங்கள் பக்கம் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த வருஷம் என்ன ரகம்? கொஞ்ச காலமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, "அந்த சப்-1 எப்படி, நம்பிப் போடலாமா?" என்று. வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் என்று சொல்லப்படும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லைத்தான் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்வதெல்லாம் தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் காவிரிக் கடைமடை நிலத்தை வைத்து. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடமும் இதுதான், மேலே பெய்த மழையெல்லாம் வடிய வழியில்லாமல் வந்து நிற்கும் இடமும் இதுதான். தஞ்சாவூருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5க்கு மூன்றரை. பயிர் மூழ்குவது ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். மீதி எங்கே குறைகிறது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

சி.ஆர். 1009 நமக்குப் புதுசு இல்லை. கட்டாக்கில் அப்போது மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் என்று இருந்த இடத்திலிருந்து வந்தது, சாவித்திரி என்றும் பெயர் உண்டு, இங்கே பொன்மணி என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். 155 முதல் 160 நாள் வயசு, குட்டைப் பருமன் அரிசி, இட்லிக்குப் பேர்போனது. இந்தப் பழைய பொன்மணிக்குள் சப்-1 என்ற ஒரு மரபணுவை மட்டும் கொண்டுவந்து சேர்த்ததுதான் இப்போது கிடைக்கும் விதை. அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்றால் ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் முழுசாக மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும் என்பது நெல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ரொம்ப காலமாகத் தெரியும், ஆனால் விளைச்சல் சொற்பம், சோறும் அப்படியொன்றும் நன்றாக இருக்காது. எந்த மரபணு அந்த வேலையைச் செய்கிறது என்று 2006இல்தான் துல்லியமாகப் பிடித்தார்கள். ஸ்வர்ணா என்ற ரகத்தில் அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 2009இல் இந்தியாவில் வெளியானது, அந்த வரிசையில் நம் ஊருக்கு ஏற்றதாக வந்தது இந்த 1009 சப்-1.

இது மரபணு மாற்றுப் பயிரா என்று சிலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டி, பிறந்ததில் அந்த மரபணு வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்பப் பொன்மணியோடே ஒட்டிக் கொண்டுவந்தது. விளைந்ததை எடுத்து வைத்து மறு வருஷம் விதைக்கலாம், கலப்பு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எப்படித் தாங்குகிறது என்பது தெரிந்தால்தான் எங்கே தாங்காது என்பதும் புரியும், அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். சாதாரண நெல் மூழ்கினால் உயிர்தப்ப மேலே மேலே நீளும், தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டப் பார்க்கும். உள்ளே சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே கரைத்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நீளமாக, வெளுத்துப்போய், நிற்கத் திராணியில்லாமல் மடங்கிச் சேற்றில் படுத்துவிடும், அப்புறம் அழுகல்தான். சப்-1 இருந்தால் பயிர் நீளாது. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும், சத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்து, வெள்ளம் வடிந்ததும் அதை வைத்துப் புதுக் குருத்து விடும்.

2021 நவம்பர் மழையில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி கடைசி, நடவு தூர் கட்டிக்கொண்டிருந்த நேரம், எங்கள் வயலும் பக்கத்து மாமா வயலும் ஒரே தாழ்ச்சி, இரண்டும் ஒரே மாதிரி முழுகிக் கிடந்தன. எங்களது சப்-1, அவருடையது ஆந்திரா பொன்னி. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் நகரவே மாட்டேன் என்றது, ஒரு வாரத்துக்கு மேல் வரப்பு எங்கே என்றே தெரியவில்லை. வடிந்த அன்றைக்குப் போய் நின்றால் இரண்டு வயலுக்கும் வித்தியாசமே கிடையாது, இரண்டும் மஞ்சளாக, சேறு பூசி, நாற்றமெடுத்துக் கிடந்தன. எனக்கே அடிவயிறு கலங்கிவிட்டது. அப்போது மாமாதான் ஒரு குத்தைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். எங்கள் பயிரில் உள்ளே குருத்து வெள்ளை வெளேரென்று, கிள்ளினால் நறுக்கென்று உடைந்தது. அவருடையதில் பழுப்பாக, வழவழவென்று கையோடு வந்தது. "தம்பி, உன்னுது பிழைச்சுக்கும்டா, உழுதுகிழுது போட்டுடாதே" என்றார். சொன்ன மாதிரியே அடுத்த வாரம் பச்சை தலைகாட்டியது. அவர் மறுபடி நாற்று தேடி மன்னார்குடி பக்கமெல்லாம் அலைந்தார்.

இந்தத் தண்டுக் கீறல் சோதனையை சப்-1 போட்ட எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வடிந்ததும் மேலே பார்த்து முடிவுகட்டி உழுதுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவசரப்படவே கூடாது. அதேபோல வடிந்த உடனே யூரியாவை அள்ளிப் போடுவதும் வேண்டாம். தண்ணீர் நன்றாக வடிந்து, புதுக் குருத்து கண்ணில் பட்ட பிறகு, ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைமேல் அடிக்கச் சொல்லி வேளாண்மைத் துறையில் சொல்வார்கள், அது நன்றாகவே கேட்கிறது. அதற்குப் பிறகு யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து மேலுரமாகப் போடலாம். இதெல்லாம் செலவு, ஆனால் மறு நடவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மறு நடவு என்றால் நாற்று விலை, வண்டி வாடகை, உழவுக் கூலி, நடவுக் கூலி, இதெல்லாம் போக ஒரு மாதம் பின்தங்கி நட்ட பயிர் எதிலும் ஒட்டாது.

இதுவரைக்கும் சொன்னதுதான் அந்த நாலரை. இனி குறை.

இந்த விதை ஒரே ஒரு விதமான வெள்ளத்துக்காகச் செய்தது. பயிர் வளர்ந்து தூர் கட்டும் பருவத்தில் இருக்க வேண்டும், முழுசாக மூழ்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் வடிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் இதைப் போல ஒரு ரகம் கிடையாது. எது ஒன்று மாறினாலும் கதை வேறு. எங்கள் பக்கம் இப்போது பாதிக்கு மேல் நேரடி விதைப்புதான், புழுதியில் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம், ஏனென்றால் நாற்றங்கால் விட ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அப்படித் தெளித்த விதை முளைக்கும்போது பெருமழை பிடித்துத் தண்ணீர் கட்டினால் சப்-1 ஒன்றும் செய்யாது. மற்ற விதை எப்படி அழுகுமோ அப்படியே இதுவும் அழுகும். வெள்ளத்தைத் தாங்கும் விதை என்று கேள்விப்பட்டு வாங்கிய பலருக்கு இந்த விஷயமே தெரியாது, தெளித்து நாலு நாளில் மழை வந்து போனதும் விதை மோசம், ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். ஏமாற்று இல்லை, விற்கும் இடத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மூட்டையோடு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தால் கூடப் போதும்.

அடுத்தது அரை மூழ்கல். முழங்கால் அளவு, இடுப்பளவு என்று தண்ணீர் வாரக்கணக்கில் நின்றுகொண்டே இருப்பது. கடைமடையில் இதுதான் அதிகம், ஏனென்றால் கடலில் நீர்மட்டம் ஏறியிருக்கும்போது ஆறே வடியாது, எங்கள் பக்கத்து ஆறுகளான அடப்பாறும் அரிச்சந்திராவும் நிறைந்து நின்றால் வயல் எங்கே போய் வடியும்? இந்த மாதிரி நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் நீளும் பயிர்தான் நல்லது. சப்-1 நீளாமல் கிடக்கும் குணம் இங்கே உதவுவதில்லை, தூர் குறைந்து நோஞ்சானாக நிற்கும். இந்த இடத்தில் காட்டுயானம் மாதிரி ஆள் உயரத்துக்கு மேல் போகும் நாட்டு ரகங்கள் உண்மையிலேயே கெட்டி. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அந்த ரகங்களையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, விதைத் திருவிழா நடத்தி ஊர் ஊராகக் கொடுத்தாரே, அது எவ்வளவு பெரிய வேலை என்பது இந்த மாதிரி வருஷத்தில்தான் தெரிகிறது. ஆனால் காட்டுயானம் ஆறு மாசப் பயிர், விளைச்சல் குறைவு, கொள்முதல் நிலையத்தில் அதற்கென்று தனி விலை கிடையாது, நேரடியாக வாங்க ஆள் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். உப்புத் தண்ணீர் ஏறும் வயலுக்கும் சப்-1 வேண்டாம். மூழ்கலைத் தாங்கும், உப்பைத் தாங்காது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது இதன் வயசு. 155 நாள் என்பது அந்தக் காலத்துக் காவிரிக்குச் சரி. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்ற ஏற்பாட்டுக்குள், ஆவணியில் விதைத்துத் தையில் அறுத்துப் பொங்கல் கழித்துக் களத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இப்போது அந்த ஏற்பாடு ஒரு வருஷம் இருக்கிறது, ஒரு வருஷம் இல்லை. 2020இல் எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஜூன் 12இல் திறந்தார்கள், 2022இல் மே மாதமே திறந்தார்கள், 2023இல் ஜூன் 12இல் திறந்த அணையை அக்டோபரில் தண்ணீர் இல்லை என்று மூடினார்கள், 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அணையில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்கால் தலைப்பைத் தொட இன்னும் சில வாரம் போகும். அப்படிப்பட்ட வருஷம் புரட்டாசியில் இந்த விதையைப் போட்டால் அறுவடை மாசிக்குப் போய்விடும், அணை மூடிய பிறகு கடைசித் தண்ணீருக்கு என்ன செய்வது? ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது பட்டம் நம்மைத் தேடி வரும்வரை விதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, தண்ணீர் நேரத்துக்கு வந்தது, கார்த்திகை வெள்ளத்தையும் பயிர் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் தை. முன்பெல்லாம் தையில் பனி பெய்யும், வெயில் ஏறும், கதிர் காயும். 2021 பொங்கல் வாரத்தில் பெய்ததை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரியில் பெயருக்குத்தான் மழை இருக்கும் என்ற வழக்கமே போய், அந்த ஒரு மாதத்தில் இயல்பைப் போலப் பல மடங்கு கொட்டியது. அறுக்க நின்ற கதிர் சாய்ந்து, தண்ணீரில் படுத்து, செடியிலேயே முளைத்தது. அடுத்த அடி 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், அதுவும் அறுவடை நேரத்தில்தான். பயிர் வெள்ளத்தில் செத்திருந்தால்கூட அவ்வளவு கடன் ஏறியிருக்காது. உரம், களை, மருந்து எல்லாச் செலவையும் செய்து முடித்து, கடைசி நாளில் போவதுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. சப்-1 கார்த்திகையில் காப்பாற்றிக் கொடுத்த பயிரை அதன் வயசே தை மழைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. எனக்கு இந்த விதைமேல் இருக்கும் மனக்குறை இது ஒன்றுதான், ஆனால் பெரிய மனக்குறை.

முற்றிய கதிருக்கு சப்-1 மரபணு எதுவும் செய்ய முடியாது, செய்யும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் மழை மாறிப்போனதை இந்த விதையைச் செய்தவர்களும் இப்போது கணக்கில் எடுக்க வேண்டும். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. தமிழ்நாடு முழுவதற்கும் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாத சராசரியே ஏறக்குறைய 44 செ.மீ.தான். மழை நாள் குறைகிறது, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கிறது, நடுவில் வாய்க்கால் வறண்டு வெடிப்பு விடுகிறது. கடலும் காற்றும் சூடாகச் சூடாக மேகம் சுமக்கும் ஈரமும் கூடுகிறது, ஒரு டிகிரிக்கு சுமார் 7 சதவீதம் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்து, நின்ற பயிர் கருகியதையும் இதே நிலம்தான் பார்த்தது. வெள்ளத்துக்கு ஒரு விதை, வறட்சிக்கு ஒரு விதை என்று தனித்தனியாகக் கொடுத்தால் எதைப் போடுவது என்று ஆவணியில் எங்களுக்கு எப்படித் தெரியும்?

விற்பனைக்கு வருவோம். 1009 சப்-1 பருமன் அரிசி, அதனால் கொள்முதல் நிலையத்தில் பொது ரகக் கணக்கு. 2025–26 பருவத்தில் பொது ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 என்று இருந்தது. வித்தியாசம் 45 ரூபாய்தான், அதற்காக மட்டும் ரகத்தை மாற்ற வேண்டாம், ஏனென்றால் சப்-1 விளைச்சல் நன்றாகவே இருக்கும், நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30க்குக் குறையாமல் எடுக்கலாம். இட்லி அரிசி அரைக்கும் ஆலைக்காரர்களும் வாங்குவார்கள். சிக்கல் ஈரப்பதத்தில். 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். தை மழையில் அறுத்த நெல் ஒருநாளும் 17க்கு வராது. போன தடவை ஒரு நிலையத்தில் மீட்டர் 19ஐத் தாண்டிக் காட்டியது, காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள், காய வைக்க வெயிலும் இல்லை, களத்தில் இடமும் இல்லை, ரோட்டோரம் படுதா போட்டு மூடி ராத்திரியெல்லாம் காவல் கிடந்தோம். படுதாவுக்கு அடியில் நெல் சூடேறி வாடை வர ஆரம்பித்தது. மழை வருஷங்களில் சதவீதத்தைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் மத்திய அரசைக் கேட்கும், குழு வரும், நெல் மாதிரி எடுத்துக்கொண்டு போகும், உத்தரவு வருவதற்குள் பாதி பேர் வியாபாரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளியிருப்பார்கள். நடமாடும் உலர்த்தி நாலு ஊருக்கு ஒன்று இருந்தால்கூட இந்த விதைக்கு நான் கொடுத்த மதிப்பெண் கூடியிருக்கும்.

அறுவடை மெஷினையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஈர வயலில் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வேண்டும், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வேண்டும் என்பதால் வாடகை ஏறும். கதிர் சாய்ந்துவிட்டால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும், மணிக்கணக்கில்தானே வாடகை. வைக்கோலும் சேற்றில் மிதிபட்டுப் போகும், மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் அது தனி அடி.

அப்புறம் உளுந்து. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள், எங்களுக்குப் பாதி லாபம் அதில்தான். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கும் நெல்லுக்குள், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தோ பயறோ தெளித்துவிடுவோம். உழவு கிடையாது, உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, பனியிலும் இருக்கும் ஈரத்திலுமே விளைந்து சித்திரைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பெண்கள் கையில் நேரடியாகக் காசு வரும் பயிரும் அதுதான். 1009 சப்-1 தை கடைசிக்குத் தள்ளிப் போனால் உளுந்து தெளிக்கும் பட்டம் நழுவும், பிந்தித் தெளித்த உளுந்து பூக்கும்போது வெயில் சுட்டுவிடும். தை மழை பெய்தால் தெளித்த உளுந்தும் அழுகும், அது தப்பினாலும் பெல்ட் மெஷின் முளையை அரைத்துவிட்டுப் போகும். ஆக நெல் ரகத்தைத் தேர்வு செய்யும்போது உளுந்தையும் சேர்த்துத்தான் தேர்வு செய்கிறோம்.

கூலிக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுசாகாது. எங்கள் வயலில் நடவு நடும் அக்கா ஒருவர், பயிர் பிழைத்த சந்தோஷத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, "உனக்கு நெல்லு பிழைச்சுது தம்பி, அந்த மாசம் எங்களுக்கு ஒரு நாள் வேலை இல்லையே" என்றார். வயல் தண்ணீருக்குள் கிடக்கும் வாரங்களில் களை எடுப்பு கிடையாது, நூறு நாள் வேலையும் நடக்காது, சேமிப்பு என்று எதுவும் கிடையாது. வெள்ளத்தைத் தாங்கும் விதை நிலம் வைத்திருப்பவரின் நஷ்டத்தைக் குறைக்கும், அவர்களுடைய நஷ்டத்துக்கு அதில் எதுவும் இல்லை. நேரடி விதைப்புக்கு நாம் மாறிய அன்றே நடவும் அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. பையன்களெல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனது சும்மா இல்லை.

குத்தகைக்காரர்கள் நிலைமை இதற்கு நடுவில். வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கு அவர்கள் பெயரில் வராது, பயிர்க் காப்பீடும் எடுக்க முடியாது, நிவாரணமும் நிலத்துக்காரருக்குப் போகும். 2023 பிப்ரவரியில் மழையில் போன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள், அதாவது ஏக்கருக்கு சுமார் 8,000. பட்ட செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது, அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதிக் கொடுத்தால்தான். அதனால் சொல்கிறேன், சப்-1 போட்டிருக்கிறோமே, காப்பீடு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், பெரும்பாலும் நவம்பர் 15 கடைசித் தேதி என்பார்கள், கடைசி நாளில் இணையம் படுத்துவிடும், முன்னாலேயே கட்டிவிடுங்கள். கார்த்திகையை விதை பார்த்துக்கொள்ளும், தைக்குக் காப்பீடு ஒன்றுதான் கையில் இருப்பது. ஒரு சங்கடம், காப்பீட்டில் இழப்பைப் பெரும்பாலும் உங்கள் வயலை வைத்துப் பார்ப்பதில்லை, ஊருக்கு ஊர் சில இடத்தில் அறுத்துப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். அந்த வயல் மேட்டில் அமைந்துவிட்டால் தாழ்ச்சியில் இருப்பவருக்கு ஒன்றும் வராது.

வாங்கும் இடம் பற்றி. முதலில் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், மானியத்தோடு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஆனால் நாம் போகும்போது தீர்ந்திருக்கும், ஆடி முதல் வாரத்திலேயே சொல்லி வைப்பது நல்லது. தனியார் கடையில் வாங்கினால் நீல அட்டை இருக்கிறதா, அதில் ரகத்தின் பெயர் சப்-1 என்று முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சி.ஆர். 1009 என்றால் அது பழைய பொன்மணி. நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது, வெள்ளத்தில்தான் வித்தியாசம் தெரியும், அப்போது தெரிந்து என்ன பயன்? ஒரு கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிப் பழையதை எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ரசீதில் ரகம், குவியல் எண் இரண்டையும் எழுதி வாங்கி, பயிர் அறுக்கும்வரை அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். சொந்தத்தில் விதை எடுப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது புது விதைக்கு மாறுங்கள், ஒரே அறுவடை மெஷின் எல்லா ரகத்திலும் இறங்குவதால் கலப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

யார் போடலாம்? வெள்ளம் வந்தால் முழுசாக மூழ்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்துவிடும் என்ற நிலம், ஆவணிக்குள் நாற்று விடத் தண்ணீர், போர் இருந்தால் இன்னும் நல்லது, இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மூழ்காத மேட்டு நிலத்துக்கு இது தேவையே இல்லை, அங்கே ஏ.டி.டி. 51 போன்ற ரகம் போதும். புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் இதைத் தொடாதீர்கள், 130, 135 நாள் ரகத்துக்குப் போய்விடுங்கள், மூழ்கினால் போய்விடுமே என்ற பயம் இருந்தாலும் சரி. இருக்கும் நிலம் முழுவதிலும் ஒரே ரகம் போடுவதையும் நான் விட்டுவிட்டேன். தாழ்ச்சியில் சப்-1, நடுவில் மத்திய வயசு ரகம், வரப்போரம் கொஞ்சம் காட்டுயானம் என்று பிரித்துப் போடுகிறேன். அறுவடை ஒரே நேரத்தில் வராது, மெஷின்காரர் இரண்டு தடவை வர முணுமுணுப்பார், இருந்தாலும் ஒரே மழையில் எல்லாமே போய்விடாது.

ஆடுதுறையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் விஞ்ஞானிகள் யாராவது இதைப் படித்தால் கேட்பது ஒன்று: இதே சப்-1 குணத்தோடு 130 நாளில் அறுக்கிற மாதிரி, தண்டு கெட்டியாக, சாய்ந்தாலும் கதிரில் உடனே முளைக்காத ஒரு ரகத்தைக் கடைமடைக்குப் பரவலாகக் கொடுங்கள். சோதனை வயலை மேட்டில் வைக்காமல் தலைஞாயிறு மாதிரி ஒரு பள்ளத்தில் வையுங்கள், விதைப்பு முளைக்கும்போது ஒரு தடவை, அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை தண்ணீர் கட்டிப் பாருங்கள். நிலம் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் கொடுக்க ஆள் இருக்கிறோம்.

இந்த சம்பாவுக்கும் தாழ்ச்சி வயலுக்கு சப்-1 சொல்லி வைத்துவிட்டேன். ஆவணி பிறந்து பத்து நாளைக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அது, வராவிட்டால் அந்த மூட்டையை அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு மத்திய வயசு ரகம்.